மேரி எலனின் வழக்கு



1873ஆம் ஆண்டின் இறுதிப்பகுதி. நியூயோர்க் நகரின் மேற்குப்புறத்திலே, ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்குண்டு வாழ்ந்த தெருக்களில் எற்றா வீலர் என்னும் மாது வீடு வீடாகச் சென்று நோயாளரையும் வறியோரையும் பார்த்து வந்தார். அவர் மெதடிஸ்த திருச்சபையின் ஊழியர். அங்கே ஒரு கட்டிடத்தில், அடுத்த அறையிலிருந்து ஒரு குழந்தையின் அழுகுரல் நாள்தோறும் கேட்பதாக அவரிடம் சொல்லப்பட்டது. அயலில் நோயுற்றுக் கிடந்த பெண்ணொருத்திக்கு உதவி கேட்பவர்போல வீலர் அந்தக் கதவைத் தட்டினார். உள்ளே மெலிந்து வெளிறிய ஒரு சிறுமி, கடுங்குளிரிலே போதிய உடையின்றிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கைகளிலும் கால்களிலும் அடித்தழும்புகள். பார்ப்பதற்கு ஐந்தாறு வயதினள் போன்றிருந்தாள். உண்மையில் அவளுக்கு ஏறக்குறைய பத்து வயது.

அச்சிறுமியின் பெயர் மேரி எலன் வில்சன். தந்தை இறந்தபின் தாய் அவளை வேறொருத்தியிடம் கூலிக்கு வளர்க்கவிட்டாள். கூலிப்பணம் வருவது நின்றதும் குழந்தை நகரத் தருமத் திணைக்களத்தின் கைக்கு வந்தது. 1866இல் அத்திணைக்களம் அவளை ஒரு தம்பதியருக்கு எழுத்துமூலம் ஒப்படைத்தது. ஆண்டுதோறும் குழந்தையின் நிலைபற்றி அறிவிக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஓரிரு தடவைக்குமேல் எவரும் அறிவிக்கவில்லை. திணைக்களத்தாரும் போய்ப் பார்க்கவில்லை. இவ்வரலாற்றிலே நம் சிந்தனைக்குரிய இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். அடித்த பெண்ணின் கொடுமையை எல்லோரும் பேசுகின்றனர். ஏட்டிலே பதிந்துவிட்டு ஏட்டை மூடிவைத்தவர்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

வீலர் பொலிஸாரிடம் சென்றார். குற்றத்துக்குச் சாட்சியம் வேண்டும் என்றனர். தரும ஸ்தாபனங்களிடம் சென்றார். சட்டப்படி ஒப்படைத்தால் ஏற்போம், வீடு புகுந்து எடுக்க எமக்கு அதிகாரமில்லை என்றனர். மாதங்கள் கழிந்தன. ஈற்றில் அவர் ஹென்றி பேர்க் என்பவரை நாடினார். 1866இல் அமெரிக்காவின் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவியவர் அவர். அவருடைய சட்டத்தரணி எல்பிரிட்ஜ் ஜெரி, ஆட்கொணர்வு மனு ஒன்றின் வழியாகச் சிறுமியை நீதிமன்றத்துக்கு வருவித்தார். 1874 ஏப்ரல் மாதம், வண்டியில் விரிக்கும் கம்பளியொன்றினால் போர்த்தப்பட்டு அவள் நீதிபதி லோறன்ஸ் முன்னிலையில் கொண்டுவரப்பட்டாள்.

தனக்கு நாள்தோறும் சவுக்கடி கிடைத்ததென்றும், எவரும் தன்னை ஒருபோதும் முத்தமிட்டதில்லை என்றும் அவள் அங்கே கூறினாள். முகத்திலிருந்த காயம் கத்தரிக்கோலால் ஏற்பட்டது. வளர்ப்புத்தாயாகிய மேரி கொனலிக்கு ஓராண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது.

குழந்தையும் ஒரு பிராணியே என்று வாதாடி, மிருகவதைச் சட்டத்தின் கீழேயே அவளை மீட்டார்கள் என்றொரு கதை நூல்கள் பலவற்றிலும் வழங்கிவருகிறது. கேட்பதற்குச் சுவையான கதைதான்; ஆனால் உண்மையன்று. தாம் சங்கத்தின் தலைவராக அன்றித் தனிமனிதராகவே வந்ததாக பேர்க் கூறினார். குழந்தையை அடித்தல் அன்றும் குற்றமே. சட்டம் இருந்தது, அதை ஏந்திக்கொண்டு கதவைத் தட்டுவதற்கு ஓர் ஆள்தான் இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் நியூயோர்க்கில் சிறுவர் வதைத் தடுப்புச் சங்கம் உதயமாயிற்று.

இதன் செய்தி கடல் கடந்தது. 1883இல் லிவர்ப்பூலிலும், 1884இல் லண்டனிலும் இத்தகைய சங்கங்கள் எழுந்தன. பெஞ்சமின் வோ என்பாரின் பெருமுயற்சியினால் 1889இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சிறுவர் வதைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கால்நடைகளைக் காக்கும் சட்டம் அந்நாட்டில் 1822இலேயே வந்துவிட்டது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆயினும் மீட்பதோடு வேலை முடியவில்லை. மீட்ட குழந்தையை எங்கே வைப்பது? ஆதிச் சங்கங்களின் பரிசோதகர்கள் பெரும்பாலும் பொலிஸாரைப் போலவே நடந்துகொண்டனர். பெற்றோரைத் தண்டிப்பது, பிள்ளையை விடுதிக்கு அனுப்புவது என்பதே அவர்கள் வழி. வறுமையினால் பட்டினி கிடந்த பிள்ளையும், வன்மத்தினால் பட்டினி போடப்பட்ட பிள்ளையும் ஒரே வாசலால் வெளியேற்றப்பட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. 1907 முதல் மசச்சூசெற்ஸ் சங்கத்தை நடத்திய கார்ஸ்டென்ஸ் என்பவர், குடும்பம் சிதையும் முன்னரே அதற்கு உதவவேண்டும் என்று வாதாடினார். ஜெரியின் சங்கத்தார் அதனை ஏற்கவில்லை. 1909இல் வெள்ளை மாளிகையில் கூடிய மகாநாடு, வறுமை ஒன்றையே காரணங்காட்டிக் குழந்தையை வீட்டினின்றும் பிரிக்கலாகாது என்று தீர்மானித்தது. அவ்வாதம் இன்னும் ஓயவில்லை. பொறுத்திருந்து குழந்தையை இழந்ததும் உண்டு. அவசரப்பட்டுக் குடும்பத்தை உடைத்ததும் உண்டு. ஊழியர் ஒருவர் கதவடியில் நின்று இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணவேண்டியிருக்கிறது.

இலங்கையிலே 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பராமரிப்பற்ற சிறுவரை நீதிமன்றத்தின் காவலுக்குள் கொண்டுவந்தது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை நிறுவப்பட்டது.

மேரி எலனும் முதலிலே ஒரு விடுதிக்கே அனுப்பப்பட்டாள். வளர்ந்த பெண்கள் தங்கிய அவ்விடம் அவளுக்கு உகந்ததன்று என்று வீலர் நீதிபதியிடம் மன்றாடினார்; தம் தாயாரின் கிராமத்து வீட்டுக்கு அவளை அழைத்துச் சென்றார். தாயார் மறைந்தபின் வீலரின் தங்கை அவளை வளர்த்தார். 1888இல் மேரி எலனுக்கு விவாகம் நடந்தது. இரு பெண்மக்களைப் பெற்றாள். ஒரு பெண்ணுக்கு எற்றா என்று பெயரிட்டாள். அநாதைச் சிறுமி ஒருத்தியையும் எடுத்து வளர்த்தாள். 1956இல், தொண்ணூற்றிரண்டாம் வயதில் அவள் காலமானாள்.