தாலாட்டை எழுதியது யார்?

2013 ஜனவரி 10 அன்று வெளியான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில், சிறந்த பாடலுக்கான ஐந்து இடங்களில் ஒன்று தமிழ்த் தாலாட்டு ஒன்றுக்குக் கிடைத்தது. ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் தொடக்கத்தில் வரும் ‘பைஸ் லல்லபி’ அது. இசை மைக்கேல் டானா. வரிகளை எழுதிப் பாடியவர் கர்நாடக இசைக் கலைஞர் பம்பாய் ஜெயஸ்ரீ.

ஐரோப்பாவில் 1956 முதல் நடக்கும் யூரோவிஷன் போட்டிக்கு ஒவ்வொரு நாட்டின் ஒலிபரப்பு நிறுவனமும் தன் நாட்டின் பெயரிலேயே பாட்டை அனுப்புகிறது. ஆஸ்கர் அப்படியல்ல. அப்போது அயல்மொழிப் படப் பிரிவு என்று அழைக்கப்பட்ட சர்வதேசப் படப் பிரிவுக்கு மட்டுமே நாடு தேர்ந்து அனுப்பும்; பாட்டு அதன் படத்தோடு போகிறது, நாட்டோடு அல்ல. அது ஹாலிவுட் படமாக இருந்தும் நாம் அதை இந்தியாவின் பாட்டு என்றே கொண்டாடினோம். கொண்டாட்டம் சில நாள்தான் நீடித்தது.

அந்த மாதமே கேரளத்திலிருந்து ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. இரயிம்மன் தம்பியின் ‘ஓமனத் திங்கள் கிடாவோ’ என்ற புகழ்பெற்ற மலையாளத் தாலாட்டின் மொழிபெயர்ப்பே ஜெயஸ்ரீயின் தொடக்க வரிகள் என்று தம்பியின் பெயரில் இயங்கும் அறக்கட்டளை சொன்னது. ஜெயஸ்ரீ மறுத்தார். பரிந்துரை அப்படியே நின்றது. பிப்ரவரி 24 இரவு விருது அடேலின் ‘ஸ்கைஃபால்’ பாடலுக்குப் போனது. பின்னணி இசைக்கான விருதை டானா பெற்றார்.

இரண்டு பாட்டும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று கேட்பதில் தவறில்லை. இரண்டுமே குழந்தையை ஒவ்வொன்றாக இதுவா, அதுவா என்று கேட்டுக் கேட்டு வியப்பவை. ஆனால் அந்தக் கேள்வி அமைப்பு யாருடைய சொத்து? தம்பி அந்தத் தாலாட்டை எழுதியது 1813இல், சுவாதித் திருநாள் பிறந்தபோது. எழுதச் சொன்னவர் குழந்தையின் தாய், அப்போது திருவிதாங்கூரை ஆண்ட அரசி கௌரி லட்சுமி பாய். அரண்மனைத் தொட்டிலுக்கு அந்தப் பாட்டு வருவதற்கு முன்னால் மலையாளத்துப் பெண்கள் வாய்மூடிக் குழந்தைகளைத் தூங்க வைத்தார்கள் என்றா நினைப்பது? தம்பிக்கும் அவரைத் தூங்க வைத்த ஒருத்தி இருந்திருப்பாள்.

இன்னும் பின்னால் போகலாம். பெரியாழ்வார் யசோதையின் குரலை எடுத்துக்கொண்டு கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார். குலசேகர ஆழ்வார் இராமனுக்குப் பாடினார். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையில் தாலப் பருவம் என்று தொட்டிலுக்கே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. குமரகுருபரர் மீனாட்சியம்மைக்குப் பாடினார். எல்லாம் அழகான பாடல்கள்தாம், வகுப்பில் நான் ஆசையோடு நடத்துபவை. பெரியாழ்வாரிடம் யாரும், இந்த மெட்டை எந்த ஆயர்குலப் பெண்ணிடமிருந்து எடுத்தீர் என்று கேட்டதில்லை. வாய்மொழியிலிருந்து ஏட்டுக்கு வந்தால் ஆணுக்கு அது ஆக்கம். ஒரு பெண் தன் பெயரைப் போட்டு ஒரு தாலாட்டை உலகப் போட்டிக்குக் கொண்டுபோனபோது, அவள் எந்த ஆணிடமிருந்து எடுத்தாள் என்று தேடினோம். எந்தப் பாட்டியிடமிருந்து என்று தேடத் தோன்றவில்லை. தேடியிருந்தால் அது குற்றச்சாட்டாக இருந்திருக்காது, ஆய்வாகியிருக்கும்.

ஆஸ்கர் விதி இங்கே வேடிக்கையாகிறது. பாட்டு அந்தப் படத்துக்கென்றே புதிதாக எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். தாலாட்டோ புதிதாகப் பாடும்போதும் பழசு. ‘ஆராரோ’ என்று தொடங்கிவிட்டால் கண்ணும் மணியும் மயிலும் நிலாவும் தாமாக வந்து சேரும். யார் அடித்தார்கள் என்ற விசாரணை வரும், மாமன் கொண்டுவரும் சீர்வரிசை வரும். எங்கள் திருவண்ணாமலையிலிருந்து செங்கம் பக்கம் தாலாட்டுத் தொகுக்கப் போன மாணவியிடம் ஒரு பாட்டி, “ஏம்மா, தாலாட்ட யாராச்சும் எழுதுவாங்களா? புள்ள அழுவுது, வாய்க்கு வந்தத பாடறோம்” என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் பாடியதில் தன் அண்ணன் பெயர், அண்ணன் கட்டிய வீடு, அவர் வாங்கிய மாடு என எல்லாம் இருந்தன. பாடியவளின் பெயர்தான் இல்லை. தாலாட்டில் மாமனுக்கு இடம் உண்டு, பாட்டுக்காரிக்கு இல்லை.

ஜெயஸ்ரீக்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஒரு தமிழ்ப் பெண் இதே பிரிவில் நின்றாள். 2009இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் ‘ஓ சாயா’ பாடலுக்காக ஏ. ஆர். ரஹ்மானோடு சேர்ந்து பரிந்துரைக்கப்பட்ட மாயா அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுபவர், யாழ்ப்பாணத்தில் வளர்ந்து போரினால் லண்டனுக்குப் போனவர். தன் இரண்டாவது இசைத்தொகுப்புக்குத் தாயின் பெயரைச் சூட்டியவர். அவருடைய பரிந்துரையை எந்த நாட்டின் கணக்கில் எழுதுவது? இலங்கை அப்போது வன்னியில் போர் நடத்திக்கொண்டிருந்தது. இந்தியக் கணக்கில் அவர் வரமாட்டார். பிப்ரவரி 8 கிராமி விழாவில் நிறைமாதக் கர்ப்பிணியாக மேடையேறிப் பாடினார். சில நாளில் மகன் பிறந்தான். ஆஸ்கர் மேடையில் அவர் பாடவில்லை. விருது அதே படத்தின் ‘ஜெய் ஹோ’வுக்கு, இசைக்கு ரஹ்மான், வரிகளுக்குக் குல்சார் என்று வழங்கப்பட்டது.

‘ஜெய் ஹோ’வில் ஸ்பானிய மொழி வரிகளும் உண்டு. எழுதியவர் பின்னணிப் பாடகி தன்வி ஷா. ஆஸ்கரில் அவர் பெயர் இல்லை. 2010 கிராமியில் அதே பாட்டுக்கு விருது வந்தபோது ரஹ்மான், குல்சார் இருவரோடு தன்வி ஷாவின் பெயரும் இருந்தது. ஒரே பாட்டு; ஒரு மேடையில் எழுதியவர் ஒருவர், அடுத்த மேடையில் இருவர். 2023இல் ‘நாட்டு நாட்டு’ வென்றபோது இந்திய வெற்றிகளை வரிசைப்படுத்திப் பேசியவர்களில் எத்தனை பேர் அவரை நினைத்தார்களோ தெரியாது. என் வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை.

மாணவிகள் தாலாட்டுத் தொகுப்பைக் கொண்டுவரும்போது படிவத்தில் ‘இயற்றியவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதுவதே வழக்கமாக இருந்தது. இப்போது பாடிய பெண்ணின் பெயர், ஊர், பாட்டு யாரிடமிருந்து அவருக்கு வந்தது, அதில் அவர் சேர்த்தது என்ன என்று எழுதச் சொல்கிறேன். கட்டம் போதவில்லை என்கிறார்கள். பக்கத்தின் பின்புறத்திலும் எழுதலாம் என்று சொல்லியிருக்கிறேன்.