மேசைமேல் விரியும் போர்க்களம்

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் ஒரு பலகையில் அடக்கிய சதுரங்கம் பாரதம் உலகுக்கு அளித்த கொடையாகும். 1824-ஆம் ஆண்டில் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ், படைப்பயிற்சிக்கென வரைபடத்தின்மேல் ஆடும் போர் விளையாட்டை வகுத்தளித்தார். 1893-இல் இலண்டன் பிரிட்டன்ஸ் நிறுவனத்தார் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்த்து வண்ணந்தீட்டலாயினர். ஈயம் குறையவே விலையும் குறைந்தது. 1913-இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அப்பொம்மைகளைக் கொண்டு ஆடும் விதிகளை நூலாக்கினார்.

இக்கலையில் வண்ணமே வரலாறு. பிரிட்டன்ஸ் வார்த்த படைகளுள் சென்னைச் சுதேசிக் காலாட்படையும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கைக் காத்து நின்றோருள் சென்னைப் படையினரும் இருந்தனர். ஜார்ஜ்டவுனில் 'சிப்பாய் லைன்ஸ்' என வழங்கும் சாலைப்பெயர் சிப்பாய்களின் நினைவை இன்றும் தாங்கி நிற்கிறது. அக்காலச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டையே தகும். காக்கி தீட்டினால் காலம் பிறழும்.

காக்கிக்கு உரியது 1941. அவ்வாண்டு டிசம்பரில், கெடா மாநிலத்து ஜித்ராவில் 11-ஆம் இந்திய டிவிஷன் ஜப்பானியரை எதிர்த்தது. ஜப்பானியரிடம் டாங்கிகள் இருந்தன. எதிர்த்து நின்றோரிடம் ஒன்றேனும் இல்லை. அம்மாதம் 19-ஆம் நாள் ஜப்பானியர் பினாங்கினுட் புகுந்தனர். ஆட்டம் சமமாகட்டும் என்று இந்தியர் பக்கம் ஒரு டாங்கியை வைத்துவிட்டால், அவர்கள் பட்ட துயரின் காரணமே மறைந்துபோம்.

ஆதலின், மாணாக்கர் கையில் தூரிகையைக் கொடுக்குமுன், 'எந்தப் படை? எந்த ஆண்டு?' என்று வினவுதல் ஆசிரியர் கடனாம். பெயர் எழுதப்படாத சிப்பாய்க்கு, உண்மை வண்ணமேனும் கிடைக்கட்டும்.