திருப்பி அழைக்க முடிகிறதா?

ஏ! ஓய்! அடே!

ஓரெழுத்தும் ஈரெழுத்துமான சிறு சொற்கள். அகராதியில் ஓரிரு வரியோடு ஒதுக்கப்படுபவை. எனினும், ஒரு சமுதாயத்தின் நிலையை அறியக் கல்வெட்டும் செப்பேடும் தேடியலைய வேண்டுவதில்லை. தெருவிலே ஒருவன் மற்றொருவனை எங்ஙனம் கூவி அழைக்கிறான் என்று காது கொடுத்துக் கேட்டாலே போதும்!

பழனிமலைத் தொடருக்கு வாருங்கள், தோழர்களே! வடபுறம் இறங்கினால் கொங்கு வழக்கு. 'ஏனுங்க' என்று விளிப்பர். தென்புறம், பெரியகுளம் பக்கம் இறங்கினால் மதுரை வழக்கு. வியப்பு மேலிட்டால் 'அடி ஆத்தி!' என்பர். இவற்றை இழிவழக்கென்று எள்ளுவார் உளர். தொல்காப்பியர் எள்ளவில்லை. அழைக்கும் முறைக்கென்றே 'விளிமரபு' என ஓர் இயல் வகுத்தார். வியப்பை 'மருட்கை' என எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாக வைத்தார்.

இம்மலைநாட்டை அன்று ஆண்டவன், மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல் பேகன். மனைவி கண்ணகியை அவன் பிரிந்திருந்தபோது, கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் புலவர் நால்வர் அவனை இடித்துரைத்தனர். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் சான்று. பரிசில் பெற்று வாழும் புலவர், எதிரே குறுநில மன்னன்! எனினும், 'பேக!' என்று பெயர் சொல்லியே விளிக்கக் காண்கிறோம். மன்னன் சினந்ததாகச் செய்தி இல்லை.

அதே மலை, ஆண்டு 1845. அமெரிக்க மதுரை மிஷனார் கோடைக்கானலில் மனை எழுப்பினர். வெள்ளையர் பலர் தொடர்ந்தனர். பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து மேலேற அவர்களுக்கு நாற்காலி. நாற்காலியைச் சுமக்கத் தமிழனின் தோள்! மலைச்சாலை 1914-இல் முற்றுப்பெறும் வரை நிலைமை இதுவே. சுமந்தவன் வாயில் 'துரை!' அமர்ந்தவன் வாயில்? தென்னிந்தியாவில் வேலைக்காரனை 'பாய்!', அதாவது 'பையா!', என்றழைப்பதே வழக்கமென 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி பொறித்து வைத்திருக்கிறது. நரைத்த தலைக்கும் அதே பெயர்தான்!

வெள்ளையன் மட்டுமா? நம் ஊர்களிலே பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பாலகன், அறுபது வயது உழவரை 'அடே!' என்றான். அவரோ, 'சின்ன எசமான்' என்று துண்டை இடுப்பில் இறக்கினார். பேகனைப் பேர் சொல்லி அழைத்த மரபு, சாதியால் ஊமையானது!

குற்றம் 'அடே' என்ற சொல்லிலா? இல்லை. தோழன் தோழனை 'டேய்' என்னும்போது தேன் சொட்டுகிறது. ஏனெனில், அவனும் 'டேய்' எனலாம். திருப்பி அழைக்க முடிகிறதா? அதுவே உரைகல். முடிந்தால் அது நட்பு; முடியாவிடில் அது அடிமைத்தளை!

தளையறியத்தான், 1932-இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார், எல்லோரையும் 'தோழர்' என்றே அழைக்கக் கோரினார். அழைத்தவனும் தோழர், அழைக்கப்பட்டவனும் தோழர். என்ன எளிமை! எத்துணைப் புரட்சி!

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒடுக்கப்பட்டோரைப் பலரறியச் சாதிப் பெயரால் ஏசுவதைக் குற்றமென வெளிப்படையாகவே வரைந்தது. வசையைச் சட்டம் பிடிக்கும். வயதில் மூத்த தொழிலாளியை நோக்கி நாக்கு நுனியில் வந்து நிற்கும் 'ஏய்!' என்பதை யார் பிடிப்பது?

நீதான், இளைஞனே! அழைக்குமுன் ஒரு நொடி நில். அவர் உன்னை அப்படியே அழைத்தால் உன் முகம் சுளிக்குமா? சுளிக்குமெனில், அந்தச் சொல்லை விழுங்கு!