சாசனத்துள் ஒரு தமிழ்ச்சொல்

அரசியலமைப்புச் சட்டத்தை இலக்கிய மாணவர் எடுத்துப் படிப்பதால் ஆவதென்ன என்று வினவுவோர் உளர். தென்னாப்பிரிக்கக் குடியரசின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஆறாம் பிரிவைக் கண்ணுற்றவர் அவ்வாறு வினவார். பதினொரு மொழிகளை ஆட்சிமொழிகளாக அறிவித்த அப்பிரிவு, அந்நாட்டுச் சமுதாயங்கள் வழங்கும் பிற மொழிகளையும் பெயர் சுட்டிக் கூறுகின்றது. ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்த்துகீசியம் என வரும் அவ்வரிசையில் தமிழும் உண்டு. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. அவர்கள் வாயோடு வந்த மொழி, 136 ஆண்டுகள் கழித்து ஒரு நாட்டின் தலைமைச் சட்டத்துள் இடம் பெற்றது. எங்ஙனம் பெற்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அந்நாட்டில் மொழி குருதியோடு கலந்த செய்தி. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவின் கறுப்பின மாணவர்கள் வீதிக்கு வந்தது, ஆஃப்ரிகான்ஸைப் பயிற்றுமொழியாகத் திணித்ததை எதிர்த்தே. காவலர் சுட்டனர், பிள்ளைகள் மாண்டனர். இனவொதுக்கல் அரசு தன் பிடியைத் தளர்த்துவதுபோல் காட்டி 1983இல் ஓர் அரசியலமைப்பை இயற்றிற்று. வெள்ளையர்க்கு ஓர் அவை, கலப்பினத்தார்க்கு ஓர் அவை, இந்தியர்க்கு ஓர் அவை. நாட்டின் பெரும்பான்மையரான கறுப்பர்க்கு ஒன்றுமில்லை. 1984இல் நடந்த தேர்தலில் இந்திய வாக்காளருள் மிகப் பெரும்பாலோர் வாக்குச்சாவடிப் பக்கமே செல்லவில்லை. தமக்கென நீட்டிய நாற்காலியை, அயலான் நிற்கின்றான் என்பதற்காக மறுத்த செயல் அது. தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை மேடைதோறும் சொல்லும் நாம், அவர் வழிவந்தோரின் இம்மறுப்பை ஏனோ மிகுதியும் பேசுவதில்லை.

1990 பிப்ரவரியில் தடைகள் நீங்கி, மண்டேலா விடுதலை பெற்றார். 1991 டிசம்பரில் ஜொகனஸ்பர்க் அருகே கெம்ப்டன் பார்க்கில், உலக வாணிப மையம் என்ற கட்டடத்தில் 19 அமைப்புகள் பேச அமர்ந்தன. பேச்சு நேர்கோட்டில் சென்றதென எண்ணலாகாது. 1992 ஜூனில் பொய்பட்டோங் குடியிருப்பில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் பேச்சை முறித்தது. முறிந்த இழையை மீண்டும் முடிந்தவருள் இருவர் குறிப்பிடத்தக்கவர்: அக்கட்சியின் சிரில் ராமபோசா, அரசுத் தரப்பின் ரோல்ஃப் மேயர். பொதுவுடைமையரான ஜோ ஸ்லோவோ, பழைய ஆட்சியாளரோடு சில ஆண்டுகள் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என எழுதியபோது அவர் தோழர்களே முகஞ்சுளித்தனர். ஆயினும் அக்கருத்தே பின்னர் ஐந்தாண்டுத் தேசிய ஒற்றுமை அரசாயிற்று. நூற்றுக்கு ஐந்து இடம் பெற்ற கட்சிக்கும் அமைச்சரவையில் பங்குண்டு என்பது அதன் விதி.

1993 ஏப்ரலில் 26 தரப்புகளோடு பேச்சு மீண்டும் தொடங்கிய சில நாள்களிலேயே கிறிஸ் ஹானி தம் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூனில் வெள்ளைத் தீவிரவாதியர் கவச வண்டியால் கண்ணாடிச் சுவரை இடித்துக்கொண்டு அந்த மண்டபத்துள்ளேயே புகுந்தனர். அதே மண்டபத்தில்தான், ஒவ்வொரு கட்சியும் பேச அனுப்பும் இருவருள் ஒருவர் பெண்ணாயிருத்தல் வேண்டும் என்ற விதியை மகளிர் போராடிப் பெற்றனர். துப்பாக்கிகளைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர் பலர் இதனை ஒரு வரியில் கடப்பர். எனக்கோ இது கவச வண்டியினும் பெரிய நிகழ்வாகத் தோன்றுகின்றது. 1994 தேர்தலுக்கு ஒரு வாரமே இருக்கையில் இன்காத்தா கட்சி களமிறங்க இசைந்தது. வாக்குச்சீட்டுகள் அதற்குள் அச்சாகிவிட்டமையால், அதன் பெயரைத் தாள்துண்டில் அச்சிட்டு ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒட்டினர். அனைவரையும் உள்ளடக்கிய ஆட்சி என்பது சில வேளைகளில் பசை தடவும் வேலையாகவும் அமைகின்றது.

மொழிச் சிக்கலுக்கு வருவோம். ஆஃப்ரிகான்ஸ் தன் தகுதியை இழக்குமோ என்பது ஒரு சாராரின் அச்சம். அடக்குமுறையின் மொழியை எதற்காகத் தாங்குவது என்பது மறுசாராரின் சினம். தீர்வு எதையும் தாழ்த்தாமல் கண்டெடுக்கப்பட்டது. இருந்த இரண்டோடு சூலு, கோசா, சோத்தோ, வெண்டா முதலிய ஒன்பதையும் உயர்த்திப் பதினொன்றாக்கினர். சொவெட்டோவில் பிள்ளைகளை இழந்த மக்கள் ஆஃப்ரிகான்ஸை நாடு கடத்தவில்லை.

தேர்தலுக்குப் பின் 490 உறுப்பினர் கொண்ட அரசியல் நிர்ணய சபை, ராமபோசாவின் தலைமையில் நிலையான சட்டத்தை வரைந்தது. பொதுமக்களிடமிருந்து வந்த மனுக்களும் கையொப்பங்களும் ஏறத்தாழ இருபது இலட்சம். எளியோர்க்கும் விளங்கும் நடையில் எழுதவேண்டும் என்று வரைவாளர் முயன்றனர். 1996 மே மாத இறுதிக்கட்ட இரவுகளிலும் தீராது நின்ற மூன்று சிக்கல்களுள் ஒன்று தாய்மொழிக் கல்வி என்பது ஈண்டுக் கருதத்தக்கது. மே 8 அன்று சபை நிறைவேற்றிய அச்சட்டத்தைச் செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்க மறுத்தது! முன்னரே ஒப்புக்கொண்ட 34 நெறிகளுள் சிலவற்றோடு பொருந்தவில்லை என்பது காரணம். 1988இல் மபூட்டோவில் கார்க் குண்டுவெடிப்பில் வலக்கையையும் ஒரு கண்பார்வையையும் இழந்த ஆல்பி சாக்ஸ் அந்நீதிபதிகளுள் ஒருவர். விடுதலைப் போராளிகளே வென்று எழுதிய சட்டத்தை, போராளியாயிருந்தவர் உள்ளிட்ட ஆயம் திருப்பியனுப்பியது. சபை திருத்தித் தந்தது. டிசம்பர் 10 அன்று, 1960இல் 69 பேர் சுடப்பட்டு மாண்ட ஷார்ப்வில்லில், மண்டேலா அதில் கையொப்பமிட்டார்.

இனித் தமிழுக்குக் கிடைத்தது யாது என நோக்குவோம். சட்டத்தின் வினைச்சொற்களை உற்று நோக்கல் நம்மனோர்க்குக் கடன். ஆட்சிமொழிகளுக்கும், நலிந்த கொய், நாமா, சான் மொழிகளுக்கும் மொழிவாரியம் ‘வளர்ச்சியும் பயன்பாடும்’ உண்டாகச் செய்தல் வேண்டும். தமிழுக்கோ ‘மதிப்பு’ உறுதி செய்யப்படுகின்றது. வளர்த்தல் வேறு, மதித்தல் வேறு. மதிப்பவர் தொலைவில் நின்றும் மதிக்கலாம். வளர்ப்பவர் பள்ளி கட்டவேண்டும், ஆசிரியர்க்கு ஊதியம் தரவேண்டும். மற்றொன்றும் காண்க. வடமொழி, அரபு, ஹீப்ரு ஆகியவை ‘சமயக் காரியங்களுக்குப் பயன்படும் மொழிகள்’ என்று தனியே வைக்கப்பட, தமிழ் மக்கள் வழங்கும் மொழிகளோடு நிற்கின்றது. தமிழாசிரியை என்ற முறையில் இப்பாகுபாடு எனக்கு உவப்பளிப்பதே. எனினும் உண்மை நிலை வேறு. அங்குள்ள தமிழர் இல்லங்களுள் பெரும்பாலானவற்றில் பேச்சு ஆங்கிலம். தமிழ் ஒலிப்பது பெரும்பாலும் கோயிலிலும் காவடியிலும்தான். சட்டம் வாழும் மொழி என்று எழுதிவைத்ததை, வாழ்க்கை வழிபாட்டு மொழியின் பக்கமாக நகர்த்திக்கொண்டிருக்கின்றது.

அப்பட்டியல் தீண்டத்தகாத கல்வெட்டு அன்று. 1996இல் சைகைமொழியும் ஆட்சிமொழியாகவில்லை. வளர்க்கத்தக்கவற்றுள் ஒன்றாகக் கீழ்வரிசையில் நின்றது. செவிப்புலனற்றோர் விடாது கேட்டனர். 2023இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, தென்னாப்பிரிக்கச் சைகைமொழி பன்னிரண்டாம் ஆட்சிமொழியாயிற்று. தமிழின் வரிசையிலோ, 1996இல் ஆங்கில மூலத்தில் பிழையான எழுத்துக்கூட்டலோடு ஏறிய தெலுங்கின் பெயரைத் திருத்தக்கூட எவரும் இன்னும் வெற்றியுடன் கேட்டதாகத் தெரியவில்லை.