லூஸ் கனெக்‌ஷன்: ஒரு சின்ன சரித்திரம்

டிவி ரிமோட்டை உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டினால் வேலை செய்யும். இந்தத் தட்டு வைத்தியம் தெரியாத வீடு கிடையாது. இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. மோட்டார் டிரைவ்களோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவன் என்ற முறையில் அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் ராக்னர் ஹோம் (1879-1970) என்ற ஸ்வீடன்காரர். பெர்லினில் சீமென்ஸில் இருந்தவர். இரண்டு உலோகங்களை எவ்வளவு அழுத்தினாலும் முழுப் பரப்பும் தொடாது, சில நுண்ணிய மேடுகள் மட்டுமே தொடும், மொத்தக் கரண்டும் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் நெருக்கியடித்துப் போகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர். (மும்பை லோக்கலில் காலை எட்டரைக்கு ஏறியவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.)

இயந்திரம் அதிரும்போது கனெக்டருக்குள் பின் மயிரிழையிலும் குறைவாக நகரும். வெள்ளீயப் பூச்சு சுரண்டப்பட்டு, காற்றுப்பட்டு ஆக்சைடாகும். அந்தக் கறுப்புத் தூள் சேரச் சேர, ஓரிரு மில்லிசெகண்ட் மட்டும் தொடர்பு அறுந்து ஒட்டும். இயந்திரத்தை நிறுத்தி மல்டிமீட்டர் வைத்தால் எல்லாம் சுத்தமாகக் காட்டும்!

நான் பார்த்த ஓர் ஆலையில் கன்வேயர் டிரைவ் ஒன்று, என்கோடர் சிக்னல் வரவில்லை என்று அடிக்கடி நின்றுவிடும். ரீசெட் செய்தால் ஓடும். டிரைவை மாற்றினார்கள், மோட்டாரை மாற்றினார்கள். பத்து நாள் ஒழுங்காக ஓடும், பிறகு பழையபடி. ஏனென்றால் பிளக்கைக் கழற்றி மாட்டும்போதே பின் உரசிச் சுத்தமாகிவிடுகிறது. கோளாறும் மறைந்தது, சாட்சியும் போச்சு. கடைசியில் பழி விழுந்தது இரவு ஷிப்டில் இருந்த ஒடியா கான்ட்ராக்ட் பையன் மேல். ‘இவன்தான் எதையோ தொடுகிறான்’ என்று வேலையை விட்டே அனுப்பப் பார்த்தார்கள். எதையும் கழற்றாமல், ஓடும்போதே சிக்னலில் ஆசிலாஸ்கோப் மாட்டி, கேபிளை மெல்ல அசைத்தோம். மோட்டார் பக்கம் அசைத்தபோது சிக்னல் விழுந்தது. பிளக்கில் ஒரு சாக்கெட் பின் வாய் விரிந்து பிடிப்பே இல்லாமல் இருந்தது. பையன் தப்பித்தான்.

பெரிய இடங்களையும் இது விட்டதில்லை. 1980-ல் வந்த ஆப்பிள் III கணினியில் சிப்கள் சாக்கெட்டிலிருந்து நழுவ, சில அங்குலம் தூக்கி மேஜையில் போடச் சொன்னார்கள். அதே தட்டு வைத்தியம்தான்! 2011-ல் ஒளியை மிஞ்சி நியூட்ரினோ சுமார் 60 நானோவினாடி முந்தி வந்ததாக ஓபெரா ஆய்வுக்குழு அறிவித்து உலகமே அதிர்ந்ததே, நினைவிருக்கிறதா? அடுத்த வருஷம் பார்த்தால், ஓர் ஒளியிழைக் கேபிள் சரியாகப் பொருந்தாமல் இருந்ததுதான் முக்கியக் காரணம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். 2024 மார்ச் 26 அப்படியில்லை. பால்டிமோரிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய டாலி என்ற சரக்குக் கப்பலில் திடீரென்று மின்சாரம் போனது. வந்தது, மறுபடி போனது. சுமார் 300 மீட்டர் நீளக் கப்பல் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோத, பாலமே சரிந்தது. இரவில் பாலத்தில் சாலை செப்பனிட்டுக்கொண்டிருந்த 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

மாலுமிகளில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். உடனே இந்தியர்களைக் கேலிசெய்து இணையத்தில் இனவெறிக் கார்ட்டூன் சுற்றியது. இத்தனைக்கும் கப்பலிலிருந்து அபாய அறிவிப்பு போனதால்தான் போலீஸ் இருபுறமும் வண்டிகளை நிறுத்த முடிந்தது.

2025 நவம்பரில் அமெரிக்க விசாரணை வாரியம் முதல் மின்தடைக்குக் காரணத்தைச் சொன்னது. ஆயிரக்கணக்கான ஒயர்களில் ஒரே ஒரு சிக்னல் ஒயர். அடையாளத்துக்காக அதில் மாட்டிய லேபிள் முனைக்கு மிக அருகில் இருந்ததால், ஒயர் டெர்மினலுக்குள் முழுசாகப் போகவில்லை. அது விட்டுப்போனதும் பிரேக்கர் திறந்துகொண்டது. இந்தக் காரணம் தெரியும்வரை ஒன்றரை வருஷத்துக்கும் மேல், ஊரார் வாயில் விழுந்தது அந்த மாலுமிகள்தான். பாலத்தின் இடிபாட்டை மே 13 அன்று வெடிவைத்துத் தகர்த்தபோதும் அவர்கள் கப்பலுக்குள்ளேயே இருந்தார்கள்.