அழிதற்கென ஆக்கப்படும் அரங்கு

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை ஆடரங்கின் அமைப்பை நுணுகி உரைக்கின்றது. 24 விரல் கொண்ட கோலால் அளந்து, அகலம் 7 கோல், நீளம் 8 கோல், குறட்டுயரம் 1 கோல் என வகுத்தனர். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளும் ஆண்டிருந்தன. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோர் இயல்புகளை விரித்துரைத்த அடிகள், அரங்கை இழைத்த தச்சனுக்கு அத்தகைய தனியிடம் அளித்திலர். இக்குறை பிற்காலத்திலும் தொடர்ந்தமையே ஈண்டு நோக்கற்பாலது.

திரைப்படம் வந்தபின் நிலைமை ஓரளவு மாறிற்று. ஜெமினி எஸ். எஸ். வாசன் 1948இல் வெளியிட்ட சந்திரலேகாவின் முரசு நடனத்தை அறியாதார் அரியர். அதன் கலை இயக்குநர் ஏ. கே. சேகர் என்பதை அறிந்தாரோ சிலரே. 1987இல் வெளிவந்த நாயகனுக்காகப் பம்பாயின் தாராவியைச் சென்னையிலே சமைத்த தோட்டா தரணி தேசிய விருது பெற்றார். விருது தலைவனுக்கு உரியதாயிற்று. ஆணி அறைந்த கைகள் பட்டியலில் ஏறவில்லை.

இலங்கையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டேவிட் லீன் இயக்கிய குவாய் நதிப் பாலம் என்னும் ஆங்கிலப் படத்துக்காகக் கித்துள்கலையில், களனி கங்கைக்குக் குறுக்கே, ஏறத்தாழ 425 அடி நீளமுள்ள மரப்பாலம் ஒன்று எழுந்தது. உள்ளூர்த் தொழிலாளரும் யானைகளும் உழைத்து எழுப்பிய அப்பாலம் 1957இல் ஒரு காட்சிக்காக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இதனை மேனாட்டாரின் புதுமை என வியந்தோர் பலர். எனினும், அழிப்பதற்கென்றே ஒன்றை அழகுற ஆக்கும் வழக்கம், பாலம் எழுமுன்னரே மலைநாட்டுத் தோட்டங்களில் ஆண்டுதோறும் நிகழ்ந்துவந்ததொன்றேயாம்.

அதுவே காமன் கூத்து. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவினின்றும் வந்த மக்கள், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு இதனையும் கொணர்ந்தனர். பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை என ஊவாவின் தோட்டப் பகுதிகள் எங்கணும் அம்மக்கள் பரவினர். மாசி வளர்பிறையிலே காமன் கம்பம் ஊன்றப்படும். லயன்களின் முற்றமே அரங்கு, தீவட்டியே விளக்கு, தப்பின் ஒலியே திரைவிலக்கம். முடியும் தோளணியும், மன்மதனுடைய வில்லும் மலரம்பும், வீரபத்திரனுடைய வாளும், எமனுடைய பாசமும் ஆகிய யாவும் பகல் முழுதும் மலையேறி உழைத்த கைகள் இரவிலே செய்தவை. மரம், மூங்கில், அட்டை, வர்ணத்தாள் என எளிதிற் கிட்டிய பொருள்களே போதுமானவையாயின. பதுளைக்குப் புகைவண்டி வந்ததே 1924இல்தான் என்பதை நினைவுகூர்ந்தால், கீழ்நாட்டுக் கடைப்பொருளை நம்பியிருத்தல் எவ்வளவு அரிதென்பது விளங்கும்.

கூத்தின் முடிவில் சிவபிரானின் நெற்றிக்கண் திறக்கும்; கம்பம் எரியும். பல இரவுகளின் உழைப்பு சில நாழிகையில் சாம்பராகும். அருச்சுனன் தபசுக்கு நடும் தபசு மரமோ வேறு வகைத்து. படி அமைத்து நிறுத்திய அந்நெடுங்கம்பத்தின்மேல் கூத்தன் பாடிக்கொண்டே ஏறுவான். அதனை நட்டவன் கணக்குப் பிழைத்தால் ஏறியவன் உயிர் பிழையாது. இது விளையாட்டுத் தச்சு அன்று. தோட்டத்துத் துரைமார் கொழுந்தை இறாத்தல் இறாத்தலாக எழுதிவைத்தனர். இக்கைவினைஞரின் பெயரை எழுதுவார் இலராயினர்.

எழுதப்படாத கலைக்கு ஆளே ஏடு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாட்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாக்கிக்கொண்டன. எண்களைப் பகுத்தோர், குடும்பமொன்றில் தந்தை ஒரு கரையிலும் மகன் மறுகரையிலும் நிற்க நேர்ந்ததைக் கண்டிலர். முடி செய்பவன் கப்பலேற, அதனைச் சூடுபவன் லயனிலே தங்கியமையையும் கண்டிலர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. சென்றோருட் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலே குடியேறினர்.