வாதுமை அல்வாவும் பிரஷர் குக்கரும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மன்னர்களின் படையெடுப்புக்களையும் ஆட்சி மாற்றங்களையும் ஆண்டுவாரியாகக் குறித்துவைத்த வரலாற்றாசிரியர், அம்மன்னர்களுக்கு உணவு சமைத்தோர் நாள்தோறும் எத்துணை நேரம் அடுப்பின் முன் நின்றனர் என்பதைப் பெரும்பாலும் குறித்தாரல்லர். சமையல் நூல்களும் இவ்வகையில் மௌனமே சாதிக்கின்றன. பொருள்களின் அளவை நுணுக்கமாகக் கூறும் அவை, ‘பதம் வரும்வரை கிளறுக’ என்னும் ஒரு தொடரோடு உழைப்பின் வரலாற்றை முடித்துவிடுகின்றன. இம்மௌனத்தை ஊடுருவி நோக்குவதற்கு வாதுமை அல்வா தக்கதோர் எடுத்துக்காட்டாகும். ஊறவைத்தல், தோல் நீக்கல், அரைத்தல், கிளறல் என நீண்ட நேரத்தை வேண்டி நின்ற இவ்வினிப்பு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய நகர்ப்புற வீடுகளிற் பிரஷர் குக்கரின் துணையோடு விரைவாகச் செய்யப்படலாயிற்று. குக்கர் எந்த நேரத்தைக் குறைத்தது, எதனைக் குறைக்க இயலாது நின்றது, குறைந்த நேரம் யாருக்கு உரியதாயிற்று என்பனவே இங்கு ஆராயப்படும் வினாக்களாகும்.

அரண்மனைப் பண்டம்

தமிழில் வாதுமை எனப்படும் பருப்பு, பாரசீக மொழியிற் பாதாம் எனப்படும். மேற்காசியாவையும் மத்திய ஆசியாவையும் தாயகமாகக் கொண்ட இம்மரம் இந்தியாவிற் காசுமீரப் பகுதியிற் பயிரிடப்பட்டு வந்துள்ளது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கடலோரங்களில் வளரும் நாட்டுவாதுமை முற்றிலும் வேறானதொரு தாவரமாதலின், பெயரொற்றுமை கருதி இரண்டினையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

அல்வா என்னும் சொல் இனிப்பு எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்ததாகும். 1226ஆம் ஆண்டில் பக்தாதில் எழுதப்பட்ட அல்பக்தாதியின் சமையல் நூல், அரைத்த வாதுமையும் சீனியும் சேர்த்துச் செய்யும் லவ்சினஜ் என்னும் பண்டத்தைக் கூறுகின்றது. வாதுமையைக் குறிக்கும் லவ்ஸ் என்ற அரபுச் சொல்லே அப்பெயரின் அடியாகும். ஐதராபாத்தில் இன்றும் வாதுமை இனிப்பொன்று லவ்ஸ் என வழங்குவது, சொல்லும் பண்டமும் ஒருங்கே பயணம் செய்தமைக்குச் சான்று பகர்கின்றது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி மாளவ நாட்டு மாண்டு அரசவையில் உருவான நிமத்நாமா என்னும் பாரசீக நூலிலும் அல்வா வகைகள் இடம்பெறுகின்றன.

அக்பரின் ஆட்சிமுறையை விரித்துரைக்கும் அபுல் பசலின் ஆயினி அக்பரி, இறைச்சி சேராத உணவுகளின் வரிசையில் அல்வாவைக் கூறி, மாவு, கற்கண்டு, நெய் ஆகியன ஒவ்வொன்றும் 10 சேர் வேண்டும் எனக் குறிக்கின்றது. அதே நூல் அரண்மனைச் சமையற் பகுதியை ஒரு நிருவாகத் துறையாகவே விவரிக்கின்றது. மீர் பக்காவல் என்னும் தலைமை அலுவலரின் மேற்பார்வையில் உணவு சுவைபார்க்கப்பட்டு, முத்திரையிடப்பட்டு, காவலுடன் எடுத்துச்செல்லப்பட்டது. இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. அரண்மனையில் அல்வா கிளறியவர் ஊதியம் பெற்ற பணியாளர். அவரது நேரத்துக்கு ஒரு விலை இருந்தது. அதே பண்டம் நடுத்தர வகுப்பினரின் இல்லத்துக்கு வந்தபோது அவ்வேலை வீட்டுப் பெண்களின் கடமையாக மாறிற்று. அவர்களது நேரத்துக்கோ எவரும் விலை குறிக்கவில்லை.

வாதுமையின் அருமையும் இப்பண்டத்தை நெடுங்காலம் செல்வர் வீட்டுக்கும் மணவிழாவுக்கும் உரியதாக வைத்திருந்தது. ஆப்கானிய வணிகர் உலர்பழங்களோடு அதனை வட இந்திய நகரங்களுக்குக் கொணர்ந்தனர். இரவீந்திரநாத் தாகூர் 1892இல் எழுதிய ‘காபூலிவாலா’ என்னும் சிறுகதையின் நாயகன் இத்தகைய வணிகனே. 1947ஆம் ஆண்டுப் பிரிவினை அவ்வணிக வழியின் குறுக்கே புதியதொரு நாட்டெல்லையை இட்டது. பிற்காலத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் உலக வாதுமை உற்பத்தியின் பெரும்பகுதியைத் தனதாக்கிக்கொள்ளவே, இந்தியச் சந்தைக்கும் அங்கிருந்தே வாதுமை பெருமளவில் வரலாயிற்று.

எலும்பை மென்மையாக்கிய கலன்

பிரஷர் குக்கரின் தோற்றம் இனிப்போடு தொடர்பற்றது. பிரான்சியப் புரட்டஸ்தாந்தரான தெனி பப்பான் என்னும் மருத்துவர், 1679இல் இலண்டன் றோயல் கழகத்தினர் முன் இறுக மூடிய கலனொன்றைக் காட்டினார். 1681இல் அதனை விளக்கி நூலொன்றும் வெளியிட்டார். கடின எலும்புகளையும் குறைந்த எரிபொருளில் மென்மையாக்கி உணவாக்குதல் அவரது நோக்கமாயிருந்தது. 1682 ஏப்பிரலில் அக்கலனிற் சமைத்த விருந்தொன்றை றோயல் கழகத்தினர் உண்டதை யோன் ஈவ்லின் தமது நாட்குறிப்பிற் பதிவுசெய்துள்ளார். கலன் வெடிக்காதிருக்கப் பப்பான் அமைத்த காப்பு வாயிலே, பின்னர் நீராவிப் பொறிகளுக்கும் இன்றியமையாததாயிற்று.

இதன் அடிப்படைத் தத்துவம் எளிது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும். அதன்பின் எத்துணை எரித்தாலும் நீரின் வெப்பநிலை உயராது. நீர் ஆவியாவது மட்டுமே விரைவுறும். கலனை இறுக மூடி, வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாகச் சதுர சென்றிமீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அமுக்கத்தை உண்டாக்கின், கொதிநிலை ஏறத்தாழ 120 பாகையாக உயர்கின்றது. அவ்வெப்பநிலையிற் பருப்பும் தானியமும் மிக விரைவில் வேகின்றன. 1939இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்க நிறுவனமான பிரெஸ்ரோ தனது கலனைக் காட்சிப்படுத்தியதன் பின்னரே இது பரவலான வீட்டுப் பொருளாகத் தொடங்கிற்று.

இந்தியச் சமையலறையில்

நேரத்தையும் கவனத்தையும் மிச்சப்படுத்தும் சமையற் கருவியின் தேவை இந்தியாவில் இதற்கு முன்னரே உணரப்பட்டிருந்தது. 1910இல் கல்கத்தாவில் மருத்துவர் இந்துமாதவ மல்லிக் ஆக்கிய இக்மிக் குக்கர், அடுக்குப் பாத்திரங்களில் வைத்த சோறு, பருப்பு, கறி ஆகியவற்றைச் சிறிதளவு கரியின் வெப்பத்தில், அருகிலிருந்து காவாமலே வேகவைத்தது. அது அமுக்கத்தால் இயங்கியதன்று, மெதுவாகவே சமைத்தது. ஆயினும் சமைப்பவரை அடுப்படியிலிருந்து விடுவித்தல் என்னும் எண்ணம் அதில் தெளிவுறக் காணப்படுகின்றது.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1956–1961) இந்தியா கடும் அந்நியச் செலாவணி நெருக்கடிக்கு உள்ளாகி இறக்குமதிகளைக் கட்டுப்படுத்திற்று. உள்நாட்டுக் கைத்தொழில் ஊக்குவிக்கப்பட்ட அச்சூழலில், 1959இல் எச். டி. வாசுதேவா பம்பாயில் நிறுவிய நிறுவனம் ஆங்கிலேய ஹோக்கின்ஸ் நிறுவனத்தின் தொழினுட்ப ஒத்துழைப்போடும், ரி. ரி. கிருஷ்ணமாச்சாரி குடும்பத்தின் நிறுவனம் ஆங்கிலேயப் பிரெஸ்ரீஜ் நிறுவனத்தின் ஒத்துழைப்போடும் குக்கர் உற்பத்தியைத் தொடங்கின. எரிவாயுவின் வரவும் இதனோடு இணைந்தது. பர்மா ஷெல் நிறுவனம் 1955இற் பம்பாயில் சமையல் வாயுவை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1965இல் இந்தேன் கல்கத்தாவில் அறிமுகமாயிற்று. விறகடுப்பில் தணலைக் கூட்டுவதும் குறைப்பதும் பயிற்சி வேண்டும் கலை. வாயு அடுப்பிலோ ஒரு குமிழைத் திருகுவதால் தீயைத் தணிக்கலாம். குக்கருக்கு வேண்டிய சீரான வெப்பத்தை இது எளிதாக்கிற்று. 1960களில் உருவான சுமீத் மின்அரைப்பி அம்மியின் வேலையை ஏற்றது. வாதுமை அல்வாவை விரைவுபடுத்தியது குக்கர் மட்டுமன்று. இம்மூன்றின் கூட்டே என்பது மறத்தலாகாது.

விரைவின் இயல்பும் எல்லையும்

வழக்கமான முறையில், வாதுமையை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துத் தோல் நீக்கி, பால் விட்டு அரைத்து, சீனியும் நெய்யும் சேர்த்து, அடிதடித்த தாச்சியிற் பக்கங்களில் ஒட்டாது திரளும்வரை கிளறுவர். குங்குமப்பூவும் ஏலமும் இறுதியிற் சேரும். 250 கிராம் வாதுமைக்கு ஏறத்தாழ அதே அளவு சீனியும் அதிற் பாதியளவு நெய்யும் கொள்வது நடைமுறை அளவாகும்.

குக்கர் முறையில் வாதுமை மூழ்குமளவு நீர் விட்டு ஒரு விசில் வந்ததும் இறக்கி, ஆவி அடங்கியபின் திறப்பின், தோல் விரலால் அழுத்தியதும் கழன்றுவிடும். இரவு முழுவதுமான காத்திருப்பு சில நிமிடங்களாகச் சுருங்கும். வெப்பத்தால் மென்மையுற்ற பருப்பு எளிதில் அரைபடுதலின் சிறிதளவு பாலே போதுமானது. அரைத்த விழுதை மூடிய சிறு பாத்திரத்தில் வைத்து, குக்கரின் அடியில் நீர் விட்டு, இரண்டு விசில்வரை வேகவைத்தாற் பச்சை வாசனை நீங்கும். விழுதை நேரே குக்கரில் இடலாகாது. நீர்த்த பொருளிலே வெப்பம் சுழன்று பரவும். தடித்த விழுதில் அச்சுழற்சி நிகழாமையால் அடி தீயும், அமுக்கத்துக்கு வேண்டிய ஆவியும் எழாது. பால் நுரைத்தெழுந்து ஆவித் துளையை அடைக்கும் அபாயமும் உண்டு.

இதன் பின்னர் எஞ்சியிருப்பது கிளறலாகும். ஈண்டுதான் குக்கரின் எல்லை வெளிப்படுகின்றது. அல்வா என்பது நீரை வெளியேற்றிப் பெறும் பண்டம். குக்கரோ நீரை வெளியேறவிடாது அடக்கும் கருவி. ஒரு கிலோகிராம் நீரை 20 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 335 கிலோயூல் வெப்பம் போதும். அதே நீரை ஆவியாக்க மேலும் 2257 கிலோயூல் வேண்டும். குக்கர் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்கு ஒரு முக்கிய காரணம், இப்பெருஞ்செலவை அது தவிர்ப்பதேயாகும். அல்வாவுக்கோ அச்செலவு இன்றியமையாதது. எனவே மூடியைத் திறந்து, தாச்சிக்கு மாற்றி, சீனியும் நெய்யும் சேர்த்து, கை ஓயாது கிளறியே ஆகவேண்டும். குக்கர் முறையின் உண்மையான இலாபம், பாலைக் குறைத்து அரைக்க இடமளிப்பதன் மூலம் வெளியேற்றவேண்டிய நீரின் அளவைக் குறைப்பதிலேயே உள்ளது. பாலை மிகுதியாக விட்டு அமுக்கத்தில் நெடுநேரம் வைப்போர் பின்னர் அதனை வற்றவைப்பதில் நேரத்தை இழப்பதோடு, உயர் வெப்பநிலையிற் பால் பழுப்பேறுவதால் குங்குமப்பூவின் நிறத்தையும் இழப்பர்.

ஆகவே, குக்கர் முன்னர் ஒன்றாயிருந்த நேரத்தை இரண்டாகப் பிரித்தது எனலாம். ஒன்று, பொருள் தானே மென்மையுறும் நேரம். அதற்கு மனிதர் காத்திருந்தாற் போதும். மற்றையது, பதம் பார்க்கும் நேரம். அதற்குக் கண்ணும் கையும் வேண்டும். முன்னையதைக் கருவி பெரிதும் குறைத்தது. பின்னையதை அது தொடவேயில்லை.

எஞ்சிய நேரம் யாருடையது?

இப்பிரிவினை சமூக நோக்கில் முக்கியத்துவம் வாய்ந்தது. இரவில் ஊறும் பருப்பு எவருடைய உழைப்பையும் வேண்டவில்லை. அவ்வேளையிற் சமைப்பவர் உறங்கலாம். உடலை வருத்தியது அரைத்தலும் கிளறலுமே. அரைத்தலின் சுமையைக் குறைத்தது மின்அரைப்பி. கிளறலின் சுமை அதே தோள்களில் எஞ்சிற்று. குக்கர் உண்மையில் மாற்றியது, திட்டமிட வேண்டிய காலத்தையேயாகும். முதல்நாளே எண்ணித் தொடங்கவேண்டிய பண்டத்தை, மாலையில் விருந்தினர் வரும் செய்தி கிடைத்த பின்னரும் செய்யலாமாயிற்று. அலுவலகம் சென்று திரும்பும் பெண்ணுக்கு இது மெய்யானதொரு வசதியே. அதனைச் சிறிதெனக் கொள்ளுதல் நேர்மையாகாது.

எனினும், செய்ய முடியும் என்பது செய்யவேண்டும் என்பதாக மாறுவது வீட்டுக் கருவிகளின் வரலாற்றிற் காணப்படும் இயல்பு. அமெரிக்க வரலாற்றாசிரியரான ரூத் சுவார்ஸ் கவன், 1983இல் வெளியான தமது நூலில், வீட்டுக் கருவிகள் வேலையின் கடுமையைக் குறைத்தனவாயினும் இல்லத்தரசியின் வேலை நேரத்தைக் குறைக்கவில்லை எனவும், ஆடவரும் பிள்ளைகளும் பணியாளரும் செய்துவந்த பங்கும் அவளையே சேர்ந்தது எனவும் நிறுவினார். அந்நூல் அமெரிக்கச் சமூகத்தைப் பற்றியதாயினும், அது எழுப்பும் வினா இந்தியச் சமையலறைக்கும் பொருந்தும். ஆண்டுக்கொருமுறை மணவிழாவிற் சமையற்காரர் செய்த பண்டம், ‘எளிதுதானே’ என்ற சொல்லோடு பண்டிகைதோறும் வீட்டில் எதிர்பார்க்கப்படும் பண்டமாகியது. ஒரு முறைக்கான நேரம் குறைந்தது. முறைகளின் எண்ணிக்கை கூடிற்று.

இவ்வசதி எல்லோருக்கும் ஒரே காலத்தில் கிட்டியதுமன்று. வறிய குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016இலேயே தொடங்கப்பட்டது. வாயு அடுப்பு பம்பாய்க்கு வந்து 61 ஆண்டுகள் கழிந்த பின்னரும் விறகுப் புகையிற் சமைத்தோர் பெருந்தொகையினராய் இருந்தமையை அத்திட்டத்தின் தேவையே உணர்த்துகின்றது. எலும்பையும் உணவாக்கிக் குறைந்த எரிபொருளிற் சமைக்கவெனப் பப்பான் எண்ணிய கலன், இந்தியாவில் முதலில் நகரத்து நடுத்தர வகுப்பினரின் வசதிப் பொருளாகவே நிலைபெற்றமை சிந்திக்கத்தக்கது.

தொகுத்து நோக்குமிடத்து, வாதுமை அல்வா அரண்மனையிலிருந்து இல்லத்துக்கு வந்த வழியிற் கருவிகள் மாறின. ஆயின் கிளறும் பணி யாருடையது என்ற வழக்கம் அத்துணை எளிதில் மாறவில்லை. குக்கரால் இயலாத அவ்விறுதிப் பகுதியைக் குறைக்கும் வழி வேறொரு பொறியில் மட்டும் தங்கியிருப்பதன்று. அகப்பையை வீட்டிலுள்ள ஆடவரும் பெண்டிரும் மாறிமாறிப் பிடிப்பின், ஒருவருக்கு இருபது நிமிடமான வேலை இருவருக்குப் பத்துப் பத்து நிமிடமாகும். சமையற் குறிப்பெழுதுவோர் பொருள்களின் அளவோடு, கிளறுவதற்கு வேண்டிய நேரத்தையும் எழுதத் தொடங்குவாராயின், இதுவரை ஒரு சொல்லில் மறைந்துகிடந்த உழைப்பு வரலாற்றாய்வாளரின் கணக்கிலும் இடம்பெறும்.